முன்கூட்டி விண்ணப்பித்தால் இடம் கிடைத்துவிடுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே விண்ணப்பங்களை வாங்கி, டிசம்பர் நடுவில் முடிவைச் சொல்லிவிடும் முன்சேர்க்கை முறையைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரங்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் இதே வட்டாரத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவன் என்பதால், இக்கடிதங்களில் வரும் பள்ளிகளையும் வீடுகளையும் அவற்றின் கவலைகளையும் ஓரளவு அறிவேன். ஐந்து கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்வியில் எல்லோருடைய கேள்வியும் அடங்கியிருப்பதால் அதற்கான பதில் நீளமாக அமைந்துவிட்டது.

கேள்வி: என் மகள் காரைக்குடியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில், மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 500க்கு 489, பிளஸ் ஒன்னில் 600க்கு 574 வாங்கினாள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக ஆகஸ்டில் எழுதிய எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1480. அக்டோபரில் மறுபடியும் எழுதுகிறாள். சென்ற ஐப்பசியிலிருந்து எங்கள் ஊரின் இரண்டு ஊருணிகளில் வாரந்தோறும் நீர்மட்டத்தை அளந்து, வரத்துக்கால்கள் எங்கெங்கே அடைபட்டுள்ளன என்று வரைபடம் தயாரித்து ஊராட்சியில் கொடுத்திருக்கிறாள். நான் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். ஆண்டு வருமானம் ஒன்பது லட்சம் அளவில் வரும். ஹார்வர்டில் முன்கூட்டி விண்ணப்பித்தால் இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பு என்று சென்னையிலுள்ள என் மைத்துனர் சொல்கிறார். கார்னெலுக்கோ பென்சில்வேனியாவுக்கோ கட்டாயம் சேர்வதாக எழுதிக் கொடுத்துவிட்டால் இடம் நிச்சயம் என்கிறார் இன்னோர் உறவினர். அவளுக்கு உண்மையில் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?
— ஒரு தந்தை, கோட்டையூர்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்லும் கணக்கில் தவறில்லை; அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் தவறு இருக்கிறது. 2023 இலையுதிர் பருவத்தில் ஹார்வர்டில் சேர்வதற்கு மொத்தம் 56,937 பேர் விண்ணப்பித்து 1,966 பேர் இடம் பெற்றார்கள். விண்ணப்பித்த 56,937 பேருள் முன்கூட்டி விண்ணப்பித்தவர்கள் 9,553 பேர். டிசம்பரிலேயே இடம் பெற்றவர்கள் 722 பேர். அதாவது முன்சுற்றில் நூற்றுக்கு ஏழரைப் பேருக்குச் சற்று மேல். மீதி 47,384 பேரையும் மீதி 1,244 இடங்களையும் வைத்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 2.6 தான் வருகிறது. அந்த 1,244 இடங்களிலும் டிசம்பரில் முடிவு தள்ளிவைக்கப்பட்ட சிலர் இருந்திருப்பார்கள். எனவே இரண்டு மடங்கு என்ன, ஏறத்தாழ மூன்று மடங்கு என்றே தோன்றும்.

ஆனால் ஒரு பள்ளியில் சிறப்பு வகுப்பின் தேர்ச்சி விகிதம் மற்ற வகுப்புகளைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வகுப்பில் யார் யாரைச் சேர்த்தார்கள் என்றுதான் ஓர் ஆசிரியர் முதலில் கேட்பார். அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். பல்கலைக்கழக அணிகளுக்காகப் பயிற்சியாளர்கள் முன்பே தெரிவு செய்துவைத்த விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் முன்சுற்றில்தான் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும், விண்ணப்ப வேலைக்கென்றே தனி ஆலோசகரை வைத்திருக்கும் வசதியான பள்ளிகளின் மாணவர்களும் அச்சுற்றிலேயே மிகுதி. 722 என்ற எண்ணுக்குள் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். கோட்டையூரிலிருந்து விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு அந்த ஏழரை விழுக்காட்டை அப்படியே எடுத்துவந்து பொருத்த முடியாது.

இது என் சொந்தக் கருத்து மட்டுமன்று. வசதியும் தகவலும் உள்ள குடும்பங்களுக்கே முன்சேர்க்கை சாதகமாக இருக்கிறது என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. மற்றப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அவற்றைப் பின்பற்றாததால், 2011இல் இரண்டுமே அதற்குத் திரும்பின. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தகுதியுள்ள இருவரில் முன்கூட்டி விண்ணப்பித்தவருக்கு எஸ்.ஏ.டி.யில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடியதற்கு நிகரான சாதகம் கிடைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. ஆகவே சாதகமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சாதகம் உங்கள் மகளின் கைக்கு எட்டும் நிலையில் இருக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது. அதற்கு இரண்டு விஷயங்களை ஆராய வேண்டும். ஒன்று பணம், மற்றொன்று, அக்டோபர் முடிவில் அவளுடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கும் என்பது.

பணத்தை முதலில் பார்ப்போம். இத்தகைய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது; நம் பணத்தில் எழுபது லட்சம் ரூபாய் அளவு. ஒன்பது லட்ச வருமானத்தில் உதவித்தொகை இல்லாமல் இதை எண்ணிப் பார்க்கவே முடியாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில இடங்களில் அயல்நாட்டு மாணவர் உதவித்தொகை கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்காது. சேர்த்துக்கொண்டால் தேவையான தொகை முழுவதையும் தருவார்கள். டார்ட்மவுத்தும் போடனும் 2022இல் இந்த வரிசையில் சேர்ந்தன. உங்கள் உறவினர் சொன்ன கார்னெலும் பென்சில்வேனியாவும் இதில் இல்லை. அங்கே அயல்நாட்டு மாணவர் எவ்வளவு உதவித்தொகை கேட்கிறார் என்பதும் முடிவின்போது எடைபோடப்படும். எனவே “எழுதிக் கொடுத்தால் நிச்சயம்” என்பது முழுக் கட்டணத்தையும் தானே செலுத்தும் குடும்பத்துக்கே பொருந்தாத சொல். உங்களுக்கு அறவே பொருந்தாது. உதவித்தொகை வேண்டாம் என்று இப்போது குறித்துவிட்டுச் சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் அயல்நாட்டு மாணவர் விண்ணப்பத்தின்போது கேட்காத உதவியைப் பின்னர் கேட்கவே முடியாது.

“எழுதிக் கொடுப்பது” என்பதன் பொருளையும் விளங்கிக்கொள்ள வேண்டும். எர்லி டிசிஷன் என்ற இந்த முறையில் மாணவரும் பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்னும் ஒப்பந்தத்தை எழுதியபின் வேறு பேச்சு இல்லை அல்லவா, அதற்கு ஒப்பானது இது. அவர்கள் தரும் உதவித்தொகை போதாதபோது விலகிக்கொள்ள வழி உண்டு என்றாலும், வேறோர் இடம் தரும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவை பின்பற்றுவது வேறு முறை. அங்கே இடம் கிடைத்தாலும் சேரக் கட்டாயமில்லை. மே 1 வரை யோசிக்கலாம். ஆனால் அதே நேரத்தில் வேறொரு தனியார் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும், அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவற்றுக்கும், கட்டாயமற்ற முறையில் விண்ணப்பிக்கத் தடையில்லை.

இனி உங்கள் மகளின் விண்ணப்பம். மதிப்பெண்களில் குறை ஒன்றும் இல்லை. மாநிலப் பாடத்திட்டம் என்பதற்காக யாரும் குறைத்து மதிப்பிடப்போவதில்லை. அந்தப் பள்ளியில் கிடைத்த வாய்ப்புகளை வைத்து அவள் என்ன செய்தாள் என்றுதான் பார்ப்பார்கள். 1480 நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் ஹார்வர்டில் இடம் பெறுவோரில் நடுவிலுள்ள பாதிப் பேர் 1500க்கும் 1580க்கும் இடையே நிற்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவரிடம் வேறெங்காவது பெரிய பலம் இருக்க வேண்டும். அவளுடைய பலம் அந்த ஊருணி அளவைதான். வளவு வீடுகளின் கூரைநீரும் தெருநீரும் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும்படி நம் முன்னோர் ஊர்களை அமைத்தார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். இன்று அந்த வாய்க்கால்களில் எத்தனை திறந்திருக்கின்றன என்று வாரம் தவறாமல் போய் அளந்து குறித்துவைத்த பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. உங்கள் கடிதத்தின் அந்த வரியைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

ஆனால் அந்த அளவையின் காலத்தைக் கவனியுங்கள். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. ஊருணி நிறைவதும் அப்போதுதான். நவம்பர் 1க்குள் விண்ணப்பித்தால் அவள் கையில் ஒரே ஒரு பருவமழையின் கணக்குத்தான் இருக்கும். டிசம்பர் கடைசியில் அனுப்பினால் இரண்டாவது பருவமழையின் கணக்கும் சேரும். ஊராட்சி எந்த வாய்க்காலையாவது தூர்வாரியிருந்தால் அதனால் நீர்வரத்து மாறியதா என்பதையும் அவளால் எண்களோடு சொல்ல முடியும். ஓராண்டு அளந்தேன் என்பதைவிட, அளந்து சொன்னேன், சரிசெய்தார்கள், மறு ஆண்டு இவ்வளவு நீர் கூடியது என்பது பல மடங்கு வலுவானது. விண்ணப்பத்தில் ஒரு செயல்பாட்டை விவரிக்க 150 எழுத்துகளுக்கு மேல் இடம் தரமாட்டார்கள். அந்தச் சிறிய இடத்தில் நிற்கப்போவது இந்த ஒப்பீடுதான்.

மதிப்பெண் பட்டியலிலும் இதே நிலைதான். நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. நவம்பரில் விண்ணப்பிப்பவருக்குப் பிளஸ் டூவில் காட்டுவதற்குக் காலாண்டுத் தேர்வு ஒன்றுதான் உண்டு. நம் மாணவர்கள் பலர் காலாண்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிகளும் அப்போது கண்டிப்பாகத் திருத்துகின்றன. பொதுத் தேர்வில் 585 வாங்கப்போகும் மாணவி காலாண்டில் 540 வாங்குவது இங்கே வழக்கமான செய்தி. அமெரிக்காவில் கோப்பைப் படிப்பவருக்கு அது சரிவாகவே தெரியும்.

எனவே என் மதிப்பீடு இது. அக்டோபர் எஸ்.ஏ.டி.யில் அவள் 1540ஐத் தாண்டி, காலாண்டு மதிப்பெண்ணும் குறையாமல் இருந்து, தலைமையாசிரியர், இரண்டு ஆசிரியர்கள் ஆகியோரின் கடிதங்களும் அக்டோபர் 15க்குள் தயாராகிவிட்டால் முன்கூட்டி அனுப்புங்கள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், ஜனவரி முதல் நாளையொட்டிக் கடைசி நாள் வரும் வழக்கமான ஜனவரிச் சுற்றுக்கே அனுப்புங்கள். முன்சுற்றில் தள்ளிவைத்தால் ஜனவரியில் மறுபடி பார்ப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஹார்வர்டில் பெரும்பாலோரைத் தள்ளித்தான் வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் முன்சுற்றிலேயே மறுக்கப்படுவோரும் உண்டு. அவர்கள் அதே ஆண்டில் அங்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அரைகுறையான கோப்பை வைத்து அந்த ஆபத்துக்குள் போக வேண்டாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஜனவரிக்குத்தான் அனுப்புவேன்.

எந்தச் சுற்றில் அனுப்பினாலும் கிடைக்காமல் போகவே வாய்ப்பு மிகுதி என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹார்வர்ட் சேர்த்துக்கொள்வோரில் அயல்நாட்டினர் ஏறத்தாழ ஏழில் ஒருவர். அந்த ஒருவருக்கான இடத்தில் உலகின் எல்லா நாடுகளும் போட்டியிடுகின்றன. ஆகவே தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணில் கவனம் சிதறக் கூடாது. ஜே.இ.இ. எழுதுவதாக இருந்தால் அதன் முதல் அமர்வு ஜனவரியில் வரும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த நிறுவனம் அது, அங்கேயே பி.டெக். படிப்பும் உண்டு. அவளுடைய அளவைக் குறிப்பேட்டை அங்குள்ள அறிவியலாளர் யாரிடமாவது காட்டி, நீரின் தரத்தையும் சோதிக்க வழி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்கா போனாலும் போகாவிட்டாலும் அந்த வேலை தொடர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: என் பேரன் சென்னையில் படிக்கிறான், யேலுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கிறான். உதவித்தொகைப் படிவத்தில் சொத்து விவரம் கேட்கிறார்கள். தேவகோட்டையில் உள்ள எங்கள் வீடு என் மாமனார் காலத்தது. எட்டுப் பங்காளிகளுக்குப் பொது, பாகம் பிரிக்கவில்லை. அதிலிருந்து ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. ஓடு மாற்றவே ஆண்டுதோறும் கைக்காசு போடுகிறோம். அதைக் காட்டினால் பணக்காரர் என்று நினைத்துவிடுவார்கள், காட்ட வேண்டாம் என்கிறான் என் மகன். பேரனோ விண்ணப்பக் கட்டுரையே அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான்.
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மகனின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறைப்பது சரியான வழியன்று. சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்னும் அந்தப் படிவம் முக்கியமாகக் கேட்பது மாணவருடைய பெற்றோரின் வருமானத்தையும் சொத்தையும். பத்திரத்திலோ பட்டாவிலோ உங்கள் மகனுக்கு உரிமையே இல்லாமல், வீடு இன்னும் மூத்தவர்கள் பெயரிலேயே இருந்தால், அது அவருடைய சொத்தாகாது. அவருக்கென்று ஒரு பங்கு உண்டு என்றால், அந்தப் பங்கின் மதிப்பை மட்டும் காட்ட வேண்டும். வீட்டின் முழு மதிப்பை அன்று. எது உண்மை என்பதைப் பத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுவதும் நல்லது.

இரண்டில் எது ஆனாலும், சிறப்புச் சூழ்நிலைகளை விளக்குவதற்கென்று அப்படிவத்தில் இடம் இருக்கிறது. அங்கே எளிய ஆங்கிலத்தில் நான்கு செய்திகளை எழுதச் சொல்லுங்கள்: வீடு இத்தனை குடும்பங்களுக்குப் பொது, பங்காளிகள் எல்லோரும் இசையாமல் விற்க முடியாது, வாடகை வருமானம் இல்லை, பராமரிப்புக்கு ஆண்டுக்கு இவ்வளவு செலவாகிறது. செட்டிநாட்டு வீடு என்று இணையத்தில் தேடும் ஒருவருக்கு விடுதிகளாக மாற்றப்பட்ட மாளிகைகளின் படங்களே கண்ணில் படும். விளக்கம் இல்லாவிட்டால் அந்தப் படம்தான் அவர் மனத்தில் நிற்கும். வேளாண் நிலம் இருந்து அதில் வருமானம் வந்தால், இங்கே அதற்கு வருமான வரி இல்லை என்ற காரணத்தால் அதை விட்டுவிடக் கூடாது. வரி இல்லாத வருமானத்தையும் படிவம் கேட்கிறது.

கட்டுரையையும் படிவத்தையும் வெவ்வேறு அலுவலர்கள் படித்தாலும் இரண்டும் ஒரே கோப்பைச் சேர்ந்தவை. கட்டுரையில் எண்பது தூண் வீடு, படிவத்தில் வீடே இல்லை என்றால் பையனின் நேர்மையையே ஐயுறுவார்கள். கட்டுரையைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுவர்ப்பூச்சு ஆகியவை சுற்றுலாக் கையேடுகளில் எல்லாம் இருக்கின்றன. 650 சொற்களை அவற்றுக்குச் செலவிட்டால் பையனுக்கு அதில் இடம் இருக்காது. எட்டுப் பங்காளிகளும் கூடி ஓடு மாற்றும் செலவைப் பிரித்துக்கொள்ளும்போது அவன் அங்கே இருந்தானா? கணக்கு எழுதினானா? யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல் வந்தபோது அவன் என்ன பார்த்தான்? அதை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியிலிருந்து இதற்கு முன் யாரும் இப்படி விண்ணப்பித்ததில்லை. முதன்முறையாக ஒரு மாணவன் வந்து, ஆலோசகர் கடிதம் வேண்டும் என்கிறான். எங்களிடம் ஆலோசகர் என்று யாரும் இல்லை. அவனையே எழுதிவரச் சொல்லி நான் கையெழுத்திடலாமா?
— ஒரு தலைமையாசிரியை, பள்ளத்தூர்

பதில்: ஆலோசகர் இல்லாத பள்ளிகளில் தலைமையாசிரியரே அப்பொறுப்பை ஏற்கலாம், அதில் எந்தத் தடையும் இல்லை. காமன் அப்ளிகேஷன் என்னும் பொது விண்ணப்பத்தில் மாணவன் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தவுடன் உங்களுக்கு அழைப்பு வரும். பள்ளியின் பெயரிலான மின்னஞ்சல் முகவரி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் இன்றுவரையிலான மதிப்பெண் பட்டியல், உங்கள் கடிதம், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவை நீங்கள் அனுப்ப வேண்டியவை. பாடம் நடத்தும் ஆசிரியர் இருவர் தனித்தனியே கடிதம் தருவார்கள். 600 மதிப்பெண்ணை நான்கு புள்ளி அளவுக்கு மாற்றித் தரும்படி மாணவன் கேட்டால் மறுத்துவிடுங்கள். நம் அளவில் உள்ளதை உள்ளபடி அனுப்புவதே முறை.

அந்த ஒரு பக்கக் குறிப்பைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். இந்த மாணவனின் 560 எதைக் காட்டுகிறது என்பதை அமெரிக்காவில் இருப்பவருக்கு வேறு எதுவும் சொல்லப்போவதில்லை. பிளஸ் டூவில் எத்தனை பேர் படிக்கிறார்கள், சென்ற ஆண்டு பள்ளியின் முதல் மதிப்பெண் என்ன, எத்தனை பேர் 550ஐத் தாண்டினார்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள் எத்தனை பேர், பள்ளியில் எந்தப் பாடப்பிரிவுகள் உண்டு, எவை இல்லை என்று எண்களோடு எழுதுங்கள்.

மாணவனையே எழுதிவரச் சொல்வது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது என்பதை அறிவேன். அது விதிக்குப் புறம்பானது. மாணவனைப் பொய் சொல்லப் பழக்குவதும் ஆகும். பணிக்காலத்தில் நானும் இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். நல்ல மாணவன் ஒருவன் கடிதம் கேட்டபோது, பொதுத் தேர்வு வேலை நெருக்கடியில், கீழ்ப்படிதலுள்ளவன், கடின உழைப்பாளி, நேரம் தவறாதவன் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. என் கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணித வகுப்பில் நான் கரும்பலகையில் போட்ட ஒரு தீர்வுக்கு மறுநாள் அவன் குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்துவந்து, வகுப்பு முடிந்தபின் தனியே காட்டினான். எல்லோர் முன்னும் சொல்லாமல் எனக்காகக் காத்திருந்தான். அதை நான் எழுதியிருக்க வேண்டும். என்னைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாத செய்தி அது. இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன். நீங்கள் எழுதும்போது அந்த மாணவனைப் பற்றி நீங்கள் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும்.

முன்சுற்று என்றால் இவை அனைத்தும் அக்டோபர் கடைசி வாரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். பள்ளிக்கு அது இயலாது என்று தோன்றினால் இப்போதே மாணவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் ஜனவரிச் சுற்றுக்குத் திட்டமிட்டுக்கொள்வான்.

கேள்வி: இணையத்தில் ஒரு கணிப்பான் என் மதிப்பெண்களை வாங்கிக்கொண்டு ஸ்டான்ஃபோர்டில் முன்கூட்டி விண்ணப்பித்தால் 62 விழுக்காடு வாய்ப்பு என்கிறது. மதுரையில் ஓர் ஆலோசனை நிறுவனம் 80 என்கிறது. எதை நம்புவது?
— ஒரு மாணவர், திருப்பத்தூர்

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். உங்கள் கட்டுரையையும் ஆசிரியர்களின் கடிதங்களையும் படிக்காமல், எவ்வளவு உதவித்தொகை கேட்கிறீர்கள் என்றும் தெரியாமல், ஒரு விழுக்காட்டைச் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் அயல்நாட்டு மாணவரின் உதவித்தொகைத் தேவையும் முடிவின்போது கணக்கில் வருகிறது என்பதை அந்த நிறுவனம் உங்களிடம் சொன்னதா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால், அதிலிருந்து விலக்குக் கேட்கப் பல்கலைக்கழகங்களே வழி வைத்திருக்கின்றன. அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

கேள்வி: சென்ற ஆண்டு என் அக்காள் மகனுக்கு டிசம்பரில் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. அவன் மனமுடைந்து மற்ற விண்ணப்பங்களை எல்லாம் ஏனோதானோ என்று அனுப்பிவிட்டான். இந்த ஆண்டு என் மகன் முன்கூட்டி விண்ணப்பிக்கிறான். அவனுக்கும் அப்படி வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், கோனாபட்டு

பதில்: வருவதற்கு முன்பே செய்ய வேண்டியதுதான் அதிகம். முன்சுற்று முடிவு டிசம்பர் நடுவில் வருகிறது. மற்றப் பல்கலைக்கழகங்களின் கடைசி நாளோ ஜனவரி முதல் நாளையொட்டி இருக்கிறது. இடையில் இரண்டே வாரம். எனவே மற்ற விண்ணப்பங்களுக்கான கட்டுரைகள் நவம்பர் கடைசிக்குள் எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். டிசம்பர் முடிவைப் பார்த்தபின் அவன் செய்ய வேண்டியது அனுப்பும் பொத்தானை அழுத்துவது மட்டுமாகவே இருக்கட்டும்.

தள்ளிவைப்பு என்பது மறுப்பு ஆகாது. ஜனவரியில் விண்ணப்பிப்பவர்களோடு சேர்த்து அவனுடைய கோப்பையும் மறுபடி படிப்பார்கள். முன்சுற்றுக்காக அவன் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடுகளும் அத்துடன் நீங்கிவிடும். பள்ளி திறந்ததும் அரையாண்டு மதிப்பெண்களைத் தலைமையாசிரியர் வழியாக அனுப்பச் செய்யுங்கள். நவம்பருக்குப் பின் அவன் செய்த புதிய வேலை எதுவும் இருந்தால், ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், அந்தப் பல்கலைக்கழகம் காட்டும் வழியில் அனுப்பலாம். வாரம் ஒன்றாக எழுதுவதும், தெரிந்தவர்களிடம் பரிந்துரை வாங்கி அனுப்புவதும் வேண்டாம்.

இன்னொன்று. முடிவு வரும் நாள் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில்தான் விழும். அந்த அரையாண்டு மதிப்பெண்தான் தள்ளிவைக்கப்பட்டவனுக்குக் கையிலிருக்கும் அடுத்த சான்று. கடைசித் தேர்வு எழுதிவிட்டு வந்தபிறகே முடிவைத் திறந்து பார்ப்பது என்று இப்போதே அவனோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வீட்டில் யாரும் அவனிடம் கேட்க வேண்டாம். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும் உறவினர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.